காசு என்றால் பெட்டி

1809 ஜனவரி மாதக் கடைசியில், இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரைக்கு எதிரே இருக்கும் குட்வின் மணல்திட்டில் ஒரு கப்பல் ஏறி உடைந்தது. பெயர் 'அட்மிரல் கார்டனர்'. கிழக்கிந்தியக் கம்பெனிக்காக இந்தியாவுக்குப் புறப்பட்ட கப்பல். நங்கூரம், இரும்புப் பாளம், பீரங்கிக் குண்டு இவற்றோடு நாற்பது டன்னுக்கு மேல் புத்தம்புதுச் செப்புக்காசும் பீப்பாய்களில் அதில் போய்க்கொண்டிருந்தது. பர்மிங்காம் அருகே மாத்யூ போல்ட்டனின் சோஹோ நாணயச்சாலையில் நீராவி இயந்திரம் அடித்துத் தள்ளிய காசு. சென்னை மாகாணத்துக் கடைத்தெருக்களில் புழங்கியிருக்க வேண்டியது. 1980களில் அந்த இடத்திலிருந்து பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காசுகளை அள்ளி எடுத்தார்கள். நாணயம் சேர்ப்பவர்களிடம் கம்பெனிக் காசு இன்று மலிவாகப் புழங்குவதற்கு அந்த விபத்தும் ஒரு காரணம்.

காசின் ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கங்களும் 1808 என்ற ஆண்டும். மறுபக்கம் பாரசீக எழுத்தில் ஒரு வரி. அதன் கீழே ரோமன் எண்ணில் இருபது, பக்கத்தில் 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல். பாரசீக வரி சொல்வது இதைத்தான்: இருபது காஸ், நான்கு ஃபலூஸ். சென்னைப் பட்டணத்தில் கீரை வாங்க அடித்த காசில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லை. ஆனால் இரண்டு அயல் எழுத்துகளிலும் எழுதியிருப்பது ஒரே தமிழ்ச் சொல்.

அல்லது அப்படித் தோன்றுகிறது. காசுதான் கடல் கடந்து போய் ஆங்கிலத்தில் 'கேஷ்' ஆயிற்று என்று மேடையில் முழங்குகிறவர்கள் உண்டு. அதெல்லாம் வெறும் ஒலி மயக்கம் என்று கையை உதறுகிறவர்களும் உண்டு. இரண்டு தரப்புக்கும் பாதி வெற்றிதான். ஆங்கில அகராதியைப் பிரித்தால் 'கேஷ்' என்று இரண்டு தனித்தனிப் பதிவுகள் இருக்கின்றன. ஒன்று தமிழிலிருந்து போனது, மற்றது லத்தீனிலிருந்து வந்தது. ரத்த உறவு இல்லாத இந்த இரண்டு சொல்லும் துறைமுகங்களில் சந்தித்து ஒன்றின் உடையை ஒன்று மாட்டிக்கொண்ட கதைதான் நாற்பது டன் செப்பில் ஏறிப் போனது.

தமிழ்க் காசின் பழைய வாழ்க்கையிலிருந்து தொடங்கலாம். அது முதலில் கடைவீதிச் சொல்லாக நம் கண்ணில் படவில்லை. நகைப்பெட்டிச் சொல்லாகவே படுகிறது. குறுந்தொகையில் அள்ளூர் நன்முல்லையார் ஒரு கிளியைக் காட்டுகிறார். அதன் வளைந்த அலகில் வேப்பம்பழம். புதிய நூலில் கோப்பதற்காக ஒருவர் தன் கூரிய நகத்தால் பொற்காசு ஒன்றைப் பற்றியிருப்பதுபோல் அது தெரிகிறதாம். காசு அங்கே கோக்கும் பொருள். மேகலையில் கோத்த மணிக்கும் காசு என்றே பெயர். பொன் வட்டத்தைத் துளையிட்டுக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் வழக்கத்தில் அணிகலனுக்கும் நாணயத்துக்கும் நடுவே கோடு போடுவது கடினம். காசுமாலை இன்னும் நகைக்கடையில் விற்கிறது.

இன்னொரு காசும் உண்டு. குற்றம் என்று பொருள். கம்பன் அவையடக்கத்தில் இராமனின் கொற்றத்தைச் சொல்லும்போது 'காசில்' என்று அடைகொடுக்கிறான். காசில்லாத வெற்றி என்று இன்றைய மாணவன் படித்தால் சிரிப்பு வரும். குற்றமற்ற வெற்றி என்பதே பொருள். வெண்பா எழுதுகிறவர்களுக்கு வேறொரு காசு: நாள், மலர், காசு, பிறப்பு என்று ஈற்றுச்சீருக்குச் சொல்லும் நான்கு வாய்பாடுகளில் மூன்றாவது. அங்கே காசுக்குப் பொருளே கிடையாது, ஓசை மட்டும்தான். ஒரே மொழிக்குள்ளேயே ஒரு வடிவம் இத்தனை வேலை பார்க்கும்போது, அயல் மொழிக்குப் போனால் என்ன ஆகும் என்பதை ஊகிக்கலாம்.

தேவாரக் காலத்தில் காசு முழுக்கக் கைமாறும் பணமாகிவிட்டது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது, அடியார்களுக்கு அன்னமிட அப்பருக்கும் சம்பந்தருக்கும் கோயில் பீடத்தில் நாளும் ஒரு காசு கிடைத்தது என்கிறது பெரியபுராணம். அப்பரின் மடத்தில் நேரத்துக்குச் சோறு. சம்பந்தரின் மடத்தில் தாமதம். விசாரித்தால் காரணம் கடைத்தெருவில் இருந்தது. சம்பந்தர் பெற்ற காசை மாற்றும்போது வணிகர்கள் வாசி பிடித்துக்கொண்டார்கள், அதாவது தரக்குறைவு என்று வட்டம் கழித்தார்கள். வாசி தீர்ந்த காசு வேண்டுமென்று அவர் இறைவனிடம் பதிகம் பாடிக் கேட்டார். நாணயமாற்று வட்டத்தைப் பற்றிய பக்திப் பாடல் உலகில் வேறு எங்காவது இருக்குமா என்று தெரியவில்லை. அந்தக் காலத்து ஊர்களில் காசின் மாற்று பார்த்துக் கழிவு பிடிப்பது எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று தேவையில்லை.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் காசு வட்டிக்குப் போகிறது. ஊர்ச்சபைகள் கோயில் பணத்தைக் கடனாக வாங்கி, காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி கட்டின. அரைக்கால் என்றால் எட்டில் ஒன்று. நம் கணக்கில் 12.5 விழுக்காடு. 'ஈழக்காசு' என்ற பெயரும் சோழர் கல்வெட்டுகளில் வருகிறது. அப்போது காசு மதிப்புள்ள நாணயம். பிறகு பல நூற்றாண்டுகளில் மெல்ல மெல்ல இறங்கி, 1500களில் செப்புத் துணுக்காக நின்றது. ஐரோப்பியர் வந்து பார்த்தபோது இருந்தது இந்த ஏழைக் காசுதான். இந்தச் சொல்லின் மூலம் வடமொழியின் 'கர்ஷம்' என்ற எடையளவு என்பாரும் உண்டு. அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

மறுபக்கத்துச் சொல்லின் தொடக்கம் பெட்டி. லத்தீனில் 'காப்சா' என்றால் பெட்டி, பேழை. அதிலிருந்து இத்தாலியில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கேஸ்', போர்த்துக்கீசில் 'கைஷா'. இத்தாலிய வணிகர்களின் கணக்குப் புத்தகத்தில் பணப்பெட்டியின் பெயரால் ஒரு பேரேடு இருந்தது. 1494இல் வெனிஸில் லூக்கா பச்சோலி அச்சிட்ட கணிதநூலில் இரட்டைப் பதிவுக் கணக்கை விளக்கும் பகுதியில் இந்தக் 'காஸ்ஸா' வருகிறது. பெட்டியைச் சொன்னால் உள்ளே இருக்கும் பணமும் அடங்கும் என்ற வழக்கில், 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்கு வந்த 'கேஷ்' முதலில் பெட்டியையும் கொஞ்ச நாளில் அதற்குள் இருந்த ரொக்கத்தையும் குறித்தது. பெட்டி மறைந்தது, ரொக்கம் நின்றது. 'கேஷியர்' என்றால் பெட்டியைக் காப்பவர். நம் வங்கிகளில் அவருக்குக் 'காசாளர்' என்று பெயர்ப்பலகை வைத்திருக்கிறோம். காசு, ஆள் என்று தமிழ் வேரிலிருந்தே முறையாக முளைத்த சொல், ஒலியிலும் பொருளிலும் அயல்சொல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. படைவீரனைப் பதவிநீக்குவதற்கும் ஆங்கிலத்தில் 'கேஷியர்' என்றொரு வினைச்சொல் உண்டு. அதற்குப் பெட்டியும் தெரியாது, காசும் தெரியாது. உடைத்தல், செல்லாததாக்கல் என்ற வேறொரு லத்தீன் வேர் அது.

இரண்டு சொல்லையும் சேர்த்துவைத்தவர்கள் போர்த்துக்கீசியர். கோவாவிலும் மலபாரிலும் சில்லறைச் செப்புக்கு மக்கள் சொன்ன பெயரை அவர்கள் 'காஸ்', 'காஸ்ஸெ', 'காஷா' என்று காதில் விழுந்தபடி எழுதினார்கள். எழுதி எழுதிக் கை பழகியபோது தங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த 'கைஷா', அதாவது பெட்டி, பேனா முனையில் வந்து நின்றுவிட்டது. ஏட்டைப் படிக்கும் லிஸ்பன் குமாஸ்தாவுக்கு அங்கே பெட்டி எதற்கு என்று ஒரு கணம் குழப்பமாக இருந்திருக்கும்.

1511இல் அல்புகெர்க் மலாக்காவைப் பிடித்தார். அந்த ஊரில் தமிழ் வணிகர்கள் பெரும் புள்ளிகள். போர்த்துக்கீசியக் கைதிகளுக்கு உதவிய நீனா சட்டு என்ற தமிழ் வணிகரைப் புதிய ஆட்சி பெண்டஹாராவாகவே, அதாவது தலைமை அமைச்சராகவே, அமர்த்தியது. அங்கே புழங்கியது ஈயத்தையும் வெள்ளீயத்தையும் உருக்கி வார்த்த சின்னக் காசு. 1512க்கும் 1515க்கும் இடையில் மலாக்காவில் இருந்து 'சுமா ஓரியென்டல்' என்ற பெரிய விவர நூலை எழுதிய தோமே பிரேஸ், தொழிலால் மருந்து வணிகர், அந்தச் சில்லறைக்கும் சாவகத்தில், அதாவது ஜாவாவில், ஓடிய சீனக் காசுக்கும் 'கைஷா' என்ற பெயரையே போடுகிறார். சோழமண்டலக் கரையின் சொல், போர்த்துக்கீசியப் பெட்டிக்குள் புகுந்து, இப்போது சீனாக்காரர் வார்த்த நாணயத்தின் மேல் உட்கார்ந்துவிட்டது.

சாவகத்தில் அந்தக் காசு பட்ட பாடு தனிக்கதை. 1596இல் பாந்தென் துறைமுகத்துக்கு வந்த முதல் டச்சுக் கப்பற்படையோடு போன வில்லெம் லோடெவைக்ஸ் தன் நூலில் அதை விவரிக்கிறார். நடுவில் சதுரத் துளை, வைக்கோல் புரியில் இருநூறு இருநூறாகக் கோப்பார்கள், ஐந்து கோவை சேர்ந்தால் ஆயிரம். மோசமான ஈயம் என்பதால் ஒரு கோவை தரையில் விழுந்தால் எட்டுப் பத்தாவது உடைந்துபோகும். உப்புநீரில் ஓரிரவு கிடந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் பாதி தேறாது. மிளகு வாங்க வந்த டச்சுக்காரருக்கு, உள்ளூர் உழவர் இந்த நொறுங்கும் காசையே கேட்கிறார் என்பதைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடித்தது. வெள்ளியைச் சீன வணிகரிடம் கொடுத்து ஈயத்தை வாங்கி, ஈயத்தைக் கொடுத்து மிளகு வாங்க வேண்டியிருந்தது.

சீனாவில் அந்த நாணயத்துக்கு 'கேஷ்' என்று பெயர் இருந்ததே இல்லை. பேச்சில் 'சியன்', கணக்கில் 'வென்'. வார்த்தெடுத்த காசுகளைச் சதுரக் கம்பியில் இறுக்கிக் கோத்து விளிம்பை அரம் போடுவார்கள். வட்டத் துளையானால் காசு சுழன்றுவிடும், அதனால்தான் சதுரம். ஆனால் தென்கடலில் போர்த்துக்கீசியரின் சொல்லைப் பிடித்துக்கொண்ட ஆங்கிலேயர் குவாங்சோ வரை அதைக் கொண்டுபோனார்கள். பிரெஞ்சுக்காரர் வேறு வழியில் போனார்கள்: ஒரு கோவை என்று பொருள்படும் மலாய்ச் சொல்லைக் கேட்டுக் காசுக்கே 'சபெக்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். கோவையைக் காட்டிப் பெயர் கேட்டால் கோவையின் பெயர்தானே வரும்.

இந்த இடத்தில் சற்று நிற்கத்தான் வேண்டும். குவாங்சோவில் ஆங்கிலேயர் எழுதிய வெள்ளிக் கணக்கில் நான்கு அளவு: டேல், மேஸ், கேண்டரீன், கேஷ். ஒன்றில் பத்தில் ஒன்று அடுத்தது. ஆகக் கடைசியான கேஷ், டேலில் ஆயிரத்தில் ஒன்று. நான்கும் சீனச் சொல்லல்ல. டேல் மலாய் மொழியின் 'தாஹில்'. மேஸ், வடமொழியின் 'மாஷம்', அதாவது உளுந்து, மலாய் வழியாக. கேண்டரீன் மலாயின் 'கெண்டெரி'. அது தமிழின் குன்றியிலிருந்து போனது என்பார்கள். தட்டான் தராசில் பொன் நிறுக்கும் அதே குன்றிமணி. 1890 வாக்கில் குவாங்துங் மாகாணம் நவீன இயந்திரத்தில் அடித்த வெள்ளி டாலரில் ஒரு பக்கம் டிராகன். அதைச் சுற்றி ஆங்கில எழுத்தில் 'ஏழு மேஸ் இரண்டு கேண்டரீன்'. உளுந்தும் குன்றியும் டிராகனைச் சுற்றி நிற்கின்றன! பிறகு அதே மாகாணம் அடித்த செப்பு நாணயத்தில் 'பத்து கேஷ்' என்று வந்தது. நானூறு ஆண்டு மற்றவர் வாயில் சுற்றிய காசு, கடைசியில் சீன அரசே அடித்த நாணயத்தில் ஏறிவிட்டது. (ஆங்கிலத்தில் ஜாதிபத்திரிக்கும் கதாயுதத்துக்கும் 'மேஸ்' என்றே பெயர். உளுந்தோடு இரண்டுக்கும் தொடர்பில்லை.)

இதற்குள் சோழமண்டலக் கரையில் சந்தை கூடிவிட்டது. 1620இல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடியில் இறங்கிய டேனிஷ்காரர், முதலில் ஈயத்திலும் பிறகு செப்பிலும் தங்கள் அரசனின் முத்திரையோடு 'காஸ்' அடித்தார்கள். அவர்கள் ஊர்மொழியில் பெட்டிக்கு 'காஸ்ஸ' என்று பெயர். 1845இல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போகும்வரை டேனிஷ் மன்னரின் பெயரெழுத்தும் தமிழ்க் காசும் ஒரே செப்பில் இருந்தன. வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் எழுதியது 'காஷ்'. அவர்கள் மொழியில் அதே எழுத்துக்கோவைக்கு ஒளிவிடம் என்று பொருள். காஷுக்கு மேல் அவர்கள் வைத்த செப்பு நாணயம் 'தூதூ'. நம் துட்டுதான் அது. பிரான்ஸில் 'தூதூ' என்றால் குழந்தை கட்டிக்கொண்டு தூங்கும் துணிப்பொம்மை. ஆனால் பிரெஞ்சுக்காரர் ஒன்று செய்தார்கள்: அந்தச் செப்பில் 'புதுச்சேரி', 'காரைக்கால்' என்று தமிழ் எழுத்தில் ஊர்ப்பெயரைப் பொறித்தார்கள்.

துட்டும் ஊர்க்காரன்தானா என்றால் அதிலும் சந்தேகம். டச்சுக் கம்பெனியின் செப்பு நாணயம் 'டாய்ட்'. அதிலிருந்து வந்தது துட்டு என்று சொல்வதுண்டு. இந்தோனேசியாவில் பணத்துக்கே இன்றைக்கும் 'டுயிட்' என்றுதான் பேச்சு வழக்கு. டச்சுக்காரன் விட்டுப்போன பெயர் என்பதில் அங்கே ஐயமில்லை. அப்படியானால் சென்னையில் துட்டு கேட்பவனும் ஜகார்த்தாவில் டுயிட் கேட்பவனும் டச்சுக்காரர் அடித்த ஒரே செப்பைக் கேட்கிறார்கள்.

சென்னையில் கணக்கு இப்படி: 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன். பெருக்கினால் வராகனுக்கு 3,360 காசு. பணம் ஆங்கிலத்தில் 'ஃபானம்' ஆயிற்று. வராகனை வெள்ளையர் 'பகோடா' என்றார்கள். கோயில் கோபுரத்துக்கும் அதே பெயர்தான் அவர்களிடம். 1807ஐ ஒட்டிச் சென்னை நாணயச்சாலை அடித்த கால் வராகன் வெள்ளியில் ஒரு கோபுரமே நிற்கிறது, மறுபக்கம் பெருமாள். இந்தியாவில் சட்டென்று பணக்காரனாவதை 'பகோடா மரத்தை உலுக்குதல்' என்று லண்டனில் கேலி பேசினார்கள். நாம் டீக்கடையில் கேட்கிற பகோடா வடமொழியின் பக்வவடத்திலிருந்து எண்ணெய்ச்சட்டி வழியாக வந்தது. கோபுரம், பொன், பலகாரம் மூன்றும் ஒரே ஒலியில் ஒரே ஊரில் இருந்திருக்கின்றன. யாரும் குழம்பியதாகச் செய்தி இல்லை.

குட்வின் மணலில் மூழ்கிய காசுக்கு இப்போது திரும்பலாம். கம்பெனி பாரசீகத்தில் எழுதக் காரணம், அது ஆட்சி எழுத்து. எழுதியவர் 'காஸ்' என்று ஒலியை அப்படியே பெயர்த்தார். ஆனால் அந்த எழுத்தைப் படிக்கத் தெரிந்தவருக்குக் 'காஸ்' புதிய சொல் அல்ல. அரபியில் அது கோப்பை. உலகக் கோப்பைக் கால்பந்தை அரபிகள் 'காஸ் அல் ஆலம்' என்பார்கள். உயிரைக் குறுக்கி 'கஸ்' என்றால் பாரசீகத்தில் ஆள். பக்கத்தில் இருக்கும் 'ஃபலூஸ்' கூடப் பயணி: ரோமானியரின் 'ஃபோலிஸ்' என்ற செம்பு நாணயம் அரபியில் நுழைந்து அப்படி ஆனது. வளைகுடாவில் வேலை பார்த்துத் திரும்பியவர்களுக்கு 'ஃபுலூஸ்' என்றால் என்ன என்று சொல்லித்தர வேண்டியதில்லை. 'ஃபோலிஸ்' லத்தீனில் பை. ஆகக் காசின் மேல் ஒரு பெட்டி, ஒரு பை, ஒரு கோப்பை. பணம் எப்போதும் அதை வைக்கும் பாத்திரத்தின் பெயரைத் தேடிப் போகிறது போலும்.

1818இல் சென்னை மாகாணத்தில் ரூபாய் முறை வந்தது. வராகனும் பணமும் காசும் அரசுக் கணக்கிலிருந்து விலகின. சமஸ்தானங்களில் மட்டும் காசு தங்கியது. புதுக்கோட்டையின் அம்மன் காசில் ஒரு பக்கம் பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். 1940களிலும் அங்கே காசு அடித்துக்கொண்டிருந்தார்கள். பிறகு இந்தியாவில் எந்த அரசும் காசு என்ற பெயரில் நாணயம் அடிக்கவில்லை. பேச்சிலோ அது எல்லாப் பணத்துக்கும் பெயராகிவிட்டது.

இதுவரை சொன்னதெல்லாம் மனிதர் சந்தித்ததால் விளைந்த ஒப்புமை. கப்பல் போனது, காது கேட்டது, கை எழுதியது. ஆனால் யாரும் யாரையும் சந்திக்காமலே சொற்கள் ஒத்துப்போவதும் நடக்கும். பால்டிக் கடலோரம் எஸ்தோனியாவில் 'கசு' என்றால் ஆதாயம், லாபம். வளர்தலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்தது. வளர்ப்புத்தாய்க்கும் அங்கே 'கசு' என்ற முன்னொட்டே. ஜப்பானில் 'கசு' என்றால் கடன் கொடுத்தல். சாக்கே மது வடித்தபின் மிஞ்சும் சக்கையும் 'கசு'தான். பாஸ்க் நாட்டில் ஒருவர் 'கசு!' என்று கத்தினால் பர்ஸைத் தொட்டுப் பார்க்கத் தேவையில்லை, ஜாக்கிரதை என்கிறார். மலேசியத் தமிழர் நாள்தோறும் சொல்லும் 'தெரிமா காசி'யில் இருப்பது அன்பு. அன்பைப் பெற்றுக்கொண்டேன் என்பதே அங்கே நன்றி.

காசு, லாபம், கடன் என்று மூன்று மொழிகள் வரிசையாகப் பணத்தின் பக்கமே நிற்பதைப் பார்த்தால் யாருக்கும் மனசு துள்ளும். ஜப்பானிய அறிஞர் சுசுமு ஓனோ தமிழும் ஜப்பானியமும் உறவுடையவை என்று நூல்களே எழுதினார். தமிழ்நாட்டில் அதற்குக் கிடைத்த கைதட்டல் மொழியியலாளரிடம் கிடைக்கவில்லை. மனித வாயில் எளிதாக வரும் ஒலிகள் சில டஜன்தான். இரண்டு அசையில் ஒரு சொல்லைக் கட்ட எல்லா மொழியும் அதே மண்ணைத்தான் பிசைகின்றன. ஆயிரக்கணக்கான மொழிகளில் தேடினால் எந்தச் சொல்லுக்கும் எங்காவது ஓர் இரட்டை அகப்படும்.

இதற்கு உச்சமான சான்று ஆஸ்திரேலியாவில் கிடைத்தது. 1960களில் வட குவீன்ஸ்லாந்தில் மொழியியலாளர் ஆர். எம். டபிள்யூ. டிக்ஸன், அழிந்துகொண்டிருந்த ம்பாபாரம் மொழியைப் பதிவு செய்ய ஆல்பர்ட் பென்னெட் என்ற முதியவரைத் தேடிப் போனார். நாய்க்கு என்ன சொல் என்று கேட்டபோது பென்னெட் 'டாக்' என்றார். ஆங்கிலத்தையே திருப்பிச் சொல்கிறார் என்று நினைக்கத் தோன்றும். இல்லை. அக்கம்பக்கத்து மொழிகளில் நாய் 'குடகா'. ம்பாபாரத்தில் சொற்களின் முதல் ஒலி உதிர்ந்து, கடைசி உயிர் தேய்ந்து, நடு உயிர் திரிந்து போகும். அந்த விதிப்படி 'குடகா' படிப்படியாகக் குறுகி 'டாக்' ஆகியிருந்தது. ஆங்கிலேயர் நாயோடு கரையிறங்குமுன்பே அந்தச் சொல் அங்கே இருந்தது.

எது உறவு, எது தற்செயல் என்று பிரிக்கும் வேலையைச் சென்னையில் தொடங்கியவர்களில் ஒருவர் இந்தக் கதைக்கு மிகவும் பொருத்தமானவர். பிரான்சிஸ் வைட் எல்லிஸ், 1810 முதல் சென்னைக் கலெக்டர். 1816இல் காம்ப்பெல் எழுதிய தெலுங்கு இலக்கண நூலுக்குச் சேர்த்த முன்குறிப்பில், தமிழும் தெலுங்கும் கன்னடமும் சமஸ்கிருதத்தின் பிள்ளைகள் அல்ல, தமக்குள் ஒரு குடும்பம் என்று வேர்ச்சொற்களை வரிசை வரிசையாக அடுக்கிக் காட்டினார். அந்த வேர்ப்பட்டியல் வேலையில் அவருக்குத் துணை நின்றவர் பட்டாபிராம சாஸ்திரி. கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவர அப்போது இன்னும் நாற்பது ஆண்டு இருந்தது. நாணயச்சாலையும் எல்லிஸின் பொறுப்பில் இருந்தது. திருவள்ளுவர் அமர்ந்திருக்கும் உருவத்தோடு கிடைத்த தங்க வராகனை அடிக்கச் செய்தவர் அவரே என்று ஐராவதம் மகாதேவன் எடுத்துக்காட்டினார். 1819இல் எல்லிஸ் இராமநாதபுரத்தில் இறந்துபோனார்.

எல்லிஸ் தொடங்கிய அந்த ஒப்பீட்டில் ஒற்றைச் சொல்லுக்கு இடமில்லை. தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. இங்கே சேரி, அங்கே கேரி. இங்கே செய், அங்கே கெய். இகரமும் எகரமும் தொடரும் இடத்தில் நம் சகரத்துக்கு அவர்களிடம் ககரம் என்று ஒரு விதி ஓடுகிறது. அந்த ஓட்டம்தான் உறவு. உடன்பிறந்த சொற்கள் பெரும்பாலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. அச்சில் வார்த்ததுபோல் இருக்கும் சொற்களைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். உலகத்துச் சொல்லெல்லாம் தமிழ் என்று பட்டியல் போடுகிறவர்கள் பட்டியலில் முதல் வரியாகவே இந்தக் 'கேஷ்' இருக்கும். வங்கிச் சாளரத்துக் 'கேஷ்' பெட்டிதான் என்பதையும், அவர்கள் பார்க்காமல் விட்ட சீனத்துக் 'கேஷ்' நம்முடையது என்பதையும் சேர்த்துச் சொன்னால் பட்டியலின் பெருமை குறையாது, கூடும்.

காசின் பெயரில் ஒரு கட்டுக்கதையும் நடக்கிறது. கொல்லத்துச் சந்தையில் முந்திரிக்கொட்டை விற்றவரிடம் வெள்ளைக்காரர் ஒருவர் பெயர் கேட்டாராம். விலை கேட்கிறார் என்று நினைத்தவர் 'காசினு எட்டு', காசுக்கு எட்டு, என்றாராம். அதுவே ஆங்கிலத்தில் 'கேஷூ' ஆயிற்றாம். சுவையான கதை, ஆனால் மரம் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது, பெயர் அங்கே டூப்பி மக்கள் வழங்கிய 'அகாஜு'. மலையாளத்தின் கசுவண்டியிலும் அந்தப் பெயரே ஒளிந்திருக்கிறது. தமிழர் அதற்கு வைத்த முந்திரி என்ற பெயருக்குத் தமிழிலேயே ஓர் இரட்டை உண்டு: கீழ்வாயிலக்கத்தில் முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. சோழர் காலத்துக் கணக்கன் முந்திரி என்று எழுதியிருந்தால் அது பின்னம்தான். கொட்டை வந்து சேர அப்போது இன்னும் ஐந்நூறு ஆண்டு பாக்கி இருந்தது.